மூன்றாம் மாடிக் காம்பிரா

2 செப்டெம்பர் 2019, திங்கள்

ஈர ஜாக்கெட்டைக் கழற்றும் முன்பே பதிப்பகத்தின் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டேன். புத்தகம் உறுதியாகிவிட்டது. என் கவிதைகளை ஆரபி நோர்வேஜிய மொழிக்குக் கொண்டுவருகிறாள். ஒக்டோபர் நடுவில் இங்கே பெர்கனில் ஒரு கவிதை விழா. நான் தமிழில் வாசிப்பேன், அவள் மொழிபெயர்ப்பை வாசிப்பாள்.

கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது. பின்னட்டையில் போட என்னைப் பற்றி நான்கு வரி வேண்டுமாம்: எங்கே பிறந்தேன், எந்த நாட்டுக் கவிஞர்.

என் கணவர் ஈசன் பஸ் ஓட்டிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் சொன்னேன்.

"இலங்கை எண்டு போடும். காணும்" என்றார் தலையைத் துவட்டியபடி.

"எங்க பிறந்தது எண்டும் கேக்கினம்."

"கண்டி எண்டு போடுமன்."

அவர் எனக்காகச் சந்தோஷப்பட்டார். கீழே கடைக்குப் போய் எனக்குப் பிடித்த கறுவாப்பட்டை பன் வாங்கிவந்தார். நான்கு வரியை இன்று எழுதவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

5 செப்டெம்பர், வியாழன்

ஆரபி வந்திருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். அப்பா அம்மா யாழ்ப்பாணம். தமிழை வீட்டிலும் சனிக்கிழமைப் பள்ளியிலும் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தவள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று யோசிக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன், இவை முழுக்கப் பெர்கன் கவிதைகள் என்று. நான் வேலை செய்யும் முதியோர் இல்லம், மழை, ட்ராம், மீன் சந்தை. ஊரைத் திரும்பிப் பார்த்து அழுகிற கவிதை ஒன்றுகூடக் கிடையாது. அப்படி எழுத எனக்கு விருப்பமும் இல்லை.

அவள் மடிக்கணினியைத் திறந்து முதல் கவிதையை வாசித்தாள். போன குளிர்காலத்தில் எங்கள் இல்லத்தில் இறந்துபோன போர்க்ஹில்ட் என்ற கிழவியைப் பற்றியது.

"மூன்றாம் மாடியில் ஏழாவது காம்பிரா.
விடியப் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுகிறேன்.
கை நடுங்கும் நாளில் அரைப்பேர் வாங்கியவள்
இன்று குரல் கொடுக்கவில்லை."

"அன்ரி, காம்பிரா எண்டா என்ன? அகராதியில இல்லை."

அறை என்றேன்.

"பெரட்டு?"

காலையில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என்றேன்.

"அரைப்பேர் எண்டா, ஹாஃப் நேமா?"

அது பெயர் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிநாள் சம்பளம்தான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. காம்பிரா என்பது வெறும் அறை இல்லை, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு குடும்பத்துக்கு விட்ட ஒற்றை அறை என்பதையும் சொல்லவேண்டியதாயிற்று.

ஆரபி எல்லாவற்றையும் தட்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா அன்ரி, இது பெர்கன் கவிதை எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம். பெர்கன்தான்" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

8 செப்டெம்பர், ஞாயிறு

மருதவீரன் அண்ணனோடு பேசினேன். அவர் கோத்தகிரியில். கல்யாணம் கட்டிய வீட்டுக்காரர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தபோது அவர்களோடு கப்பலேறிப் போனவர். அப்போது எனக்கு ஒன்பது வயது. நானும் அம்மா அப்பாவும் இலங்கையிலேயே, தலவாக்கலைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்தில் இருந்துவிட்டோம். அம்மா அப்பா இரண்டு பேரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள்.

"என்னா பாப்பா, புஸ்தகம் வருதாமே?"

"ஆமாண்ணே. எந்த ஊரு, எந்த நாடுன்னு கேக்குறாங்க. என்னா எழுதறதுன்னு தெரியல."

அண்ணன் சிரித்தார். "இங்க நாப்பது வருசமா இருக்கேன். டீக்கடையில இன்னமும் சிலோன்காரன்னுதான் கூப்புடறான். அங்க இருந்தப்ப இந்தியாக்காரன்னான். நீ என்னத்தையாச்சும் எழுதிப் போடு. சாப்ட்டியா?"

ஈசன் பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணனோடு பேசும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைப்பது அவருடைய வழக்கம். எனக்கு அது பழகிப்போய்விட்டது.

14 செப்டெம்பர், சனி

ஆரபி தொலைபேசியில் கூப்பிட்டாள். சொற்களைப் பற்றித் தன் அப்பாவிடம் கேட்டாளாம். குணபாலசிங்கம் மாஸ்டர். சனிக்கிழமைப் பள்ளியில் இருபது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்.

"அப்பா சொன்னவர், அது தோட்டக்காட்டுத் தமிழாம். நல்ல தமிழில திருத்திப்போட்டு மொழிபெயர்க்கட்டாம்."

பாவம், அவள் ஒரு தகவல் மாதிரித்தான் சொன்னாள். 'தோட்டக்காட்டான்' என்று எங்களை யார், எந்தக் குரலில் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"சரி, திருத்துவம்" என்றேன். எனக்குக் கோபம் இல்லை.

ஈசனிடம் சொன்னேன். பத்திரிகையை மடித்து வைத்தார்.

"மாஸ்டர் சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்குத்தானே. எல்லாருக்கும் விளங்கிற சொல்லாப் போட்டா நல்லம்."

"நோர்வேக்காரருக்குக் காம்பிரா எண்டாலும் விளங்காது, அறை எண்டாலும் விளங்காது."

"எங்கட ஆக்களும் வருவினமல்லோ வாசிப்புக்கு."

எழுந்து போனேன். துணிகளை இஸ்திரி போட்டேன். தேவையில்லாத மேசைவிரிப்பையும் சேர்த்துப் போட்டேன்.

16 செப்டெம்பர், திங்கள்

மழை. ஒன்றும் எழுதவில்லை.

21 செப்டெம்பர், சனி

எல்லாக் கவிதைகளையும் திருத்தி முடித்தேன். காம்பிரா போய் அறை வந்தது. பெரட்டு போய்க் காலை அழைப்பு. மலைச்சரிவில் ஏறிப்போகும் மரவீடுகளை 'நிரை பிடித்து நிற்கின்றன' என்று எழுதியிருந்தேன். நிரை என்றால் பறிப்பதற்கு ஒருத்திக்குக் கொடுக்கிற தேயிலைச் செடி வரிசை. அதையும் 'வரிசை' ஆக்கினேன்.

பிறகு சத்தமாக வாசித்துப் பார்த்தேன். "மூன்றாம் மாடியில் ஏழாவது அறை." ஹோட்டலில் சாவி கொடுக்கிறவள் பேசுவதுபோல் இருந்தது.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு துறைமுகம் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். ஈசன் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சொற்களை நான் தேடிப் போய் வைக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்காமல் இருக்கிறது. கண்ணால் பார்த்தது நோர்வேயை. பாசி படிந்த கல்லும் கிழவியின் நீலக் கம்பளியும் இந்த ஊர்தான். எழுத உட்கார்ந்தால் கையில் வருகிற சொல் வேறு எங்கிருந்தோ வருகிறது. வேண்டாம் என்று தள்ளினால் கவிதையும் கூடப் போய்விடுகிறது.

27 செப்டெம்பர், வெள்ளி

இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வானொலி போட்டிருந்தார்கள். வானிலை வாசித்த பெண்ணின் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபட்டது. வடக்கே ஏதோ தீவுப் பேச்சு என்று கூட வேலை செய்யும் மாரித் சொன்னாள்.

"வானொலியில் இப்படிப் பேசலாமா? யாரும் திருத்தமாட்டார்களா?" என்று கேட்டேன்.

மாரித்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவள் அந்த ஊர்க்காரி. வேறு எப்படிப் பேசுவாள்?" என்றாள்.

நான் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன். இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்குத்தான் காதில் விழுந்திருக்கிறது.

6 ஒக்டோபர், ஞாயிறு

தவமலர் மச்சாள் லண்டனில் இருந்து வாசிப்புக்கு வருகிறாவாம். ஈசனின் அக்கா. இதுவரை நாங்கள்தான் அங்கே போயிருக்கிறோம். அவ இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

ஈசன் காலையிலிருந்து நிலைகொள்ளாமல் திரிகிறார். திரைச்சீலையைக் கழற்றித் தோய்த்தார். கதிரைகளை இடம் மாற்றினார். பின்னேரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தெய்வா, நீர் அந்தச் சொல்லுகளை மாத்திப்போட்டீர்தானே?"

"மாத்திட்டன்."

"இல்லை, அக்கா கேட்டுக்கொண்டு இருப்பா. வீணா ஏன் கதை?"

எங்கள் கல்யாணத்தின்போது தன் வீட்டுக்கு அவர் எழுதியது எனக்குத் தெரியும். பெண் கண்டி, தகப்பன் தபால் கந்தோரில் வேலை. அப்போது கொழும்பில் நான் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளிநாடு போகக் காத்திருந்தார். சண்டைக் காலம். யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால் அவர் வீட்டார் யாரும் வந்து பார்க்கவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. "அவசரமில்லை, பிறகு ஆறுதலாச் சொல்லுவம்" என்றார். அவர் நல்லவர். என்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அண்ணன் பேத்தியின் படிப்புக்கு நான் கேட்காமலே பணம் அனுப்பினவர்.

அந்த ஆறுதல்தான் இன்னும் வரவில்லை.

12 ஒக்டோபர், சனி

மச்சாள் வந்துவிட்டா. பெட்டி நிறைய முருக்கங்காயும் மிளகாய்த்தூளும். அன்பான மனுஷி. என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்கட குடும்பத்தில ஒரு கவிஞர் எண்டு லண்டனில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்றா.

சாப்பிடும்போது கேட்டா. "உம்மட அப்பா கண்டியில போஸ்ட் ஒஃபீஸில இருந்தவர் என்ன? அவரும் எழுதுறவரோ?"

ஈசன் தண்ணீர் எடுக்க எழுந்து போனார். மேசையில் தண்ணீர் இருந்தது.

"இல்லை மச்சாள். அவர் எழுதுறேல்லை" என்றேன். அது உண்மைதான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது.

16 ஒக்டோபர், புதன்

காலையிலேயே ஆரபியைக் கூப்பிட்டேன். சொற்களைப் பழையபடி மாற்றவேண்டும் என்றேன்.

"நாளைக்கு வாசிப்பு அன்ரி!"

"தெரியும்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், "நான் பழைய ஃபைலை அழிக்கேல்லை. திருத்தினதை மொழிபெயர்க்கேக்க எனக்கு ஒண்டுமே வரேல்லை. உங்களுக்குச் சொல்லப் பயமா இருந்தது." அவள் குரல் துள்ளியது. பெரட்டு, காம்பிரா இரண்டையும் மொழிபெயர்க்காமல் அப்படியே நோர்வேஜியத்துக்குள் விட்டுவிடலாமா என்று கேட்டாள். விடு என்றேன்.

ஈசனிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டு தரம் சொல்லப் போனேன். ஒரு தரம் மச்சாள் பக்கத்தில் இருந்தா. இன்னொரு தரம் யாருமே இல்லை.

17 ஒக்டோபர், வியாழன்

வாசிப்பு முடிந்தது. ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

சின்ன மண்டபம். கதிரைகள் போதாமல் சிலர் நின்றார்கள். நம்மவர்கள் பத்துப் பதினைந்து பேர். முன்வரிசையில் மாஸ்டர், அவருக்குப் பக்கத்தில் மச்சாள் பட்டுச் சேலையில், ஓரத்தில் ஈசன்.

முதல் கவிதையில் "காம்பிரா" என்றதும் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "பெரட்டுக்குப் பேர் கூப்பிடுகிறேன்" என்றதும் பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஆரபி நோர்வேஜியத்தில் வாசித்தாள். அந்த மொழிக்கு நடுவில் "பெரட்டு" என்ற சொல் வந்தபோது என் தாளில் அந்தச் சொல்லை விரலால் தொட்டேன். ஈசன் எழுந்தார். காரை இடம் மாற்றப் போவதுபோல் சாவியைக் காட்டிவிட்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை.

கூட்டத்தை நடத்திய பெண் ஆரபியிடம் முன்பே விசாரித்திருக்கிறாள். முடிவில் கேட்டாள்: "நீங்கள் இலங்கையில் பிறந்தவர், உங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், எழுதுவது நோர்வேயைப் பற்றி. உங்களை எந்த நாட்டுக் கவிஞர் என்று சொல்லலாம்?"

முதலில் நோர்வேஜியத்தில்தான் தொடங்கினேன். அது வரவில்லை. தமிழுக்கு மாறினேன், ஆரபி சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பிறந்தபோது எங்களுக்கு எந்த நாட்டுக் காகிதமும் இருக்கவில்லை. இலங்கை எங்களை இந்தியர் என்றது, இந்தியா இலங்கையர் என்றது. நான் வளர்ந்த பிறகுதான் ஒரு நாடு கிடைத்தது, அண்ணனுக்கு வேறு நாடு கிடைத்தது. அதனால் எந்த நாடு என்று கேட்டால் எனக்கு உடனே பதில் வருவதில்லை. எந்தத் தோட்டம், அதில் எந்தப் பகுதி, எந்த டிவிசன் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கல்லுமலை, மேல் டிவிசன். விட்டுவிட்டு வரவோ கொண்டுவரவோ என்னிடம் ஒரு நாடு இருந்ததே இல்லை. சொல்லை மட்டும் எங்கேயும் விட்டுவிட்டு வர முடியவில்லை.

கைதட்டினார்கள். நம்மவர்களில் பாதிப்பேர் தட்டினார்கள்.

மச்சாள் வாடகைக் காரில் வீட்டுக்கு வந்தா. நான் ட்ராமில் வந்தேன். ஈசன் எங்களுக்கு முன்பே வந்து படுத்திருந்தார். தூங்குகிற மூச்சு இல்லை.

18 ஒக்டோபர், வெள்ளி

ஈசன் விடியற்காலை வேலைக்குப் போய்விட்டார். மச்சாளுக்குத் தோசை சுட்டேன். அவ தொடவில்லை.

"அந்தத் தோட்டம், டிவிசன் எண்டெல்லாம் சொன்னீரே. அது கவிதைக்குச் சொன்னதோ?"

"இல்லை மச்சாள்."

"அப்ப உம்மட அப்பா?"

இந்த வீட்டில் நான் ஒருநாளும் பேசாத பேச்சு தானாக வந்தது. "எங்கப்பா மலையில கவ்வாத்து வெட்டுனாரு மச்சாள். தேயிலைச் செடிய மட்டமா வெட்டுவாங்களே, அந்த வேல. எங்கம்மா கொழுந்து பறிச்சிச்சு. போஸ்ட் ஆபீசுக்கு அவங்க போனதே இல்ல, அவங்களுக்குக் கடுதாசி எழுதத் தெரியாது."

மச்சாள் என்னையே பார்த்தா. "இருபத்திரண்டு வருசம்" என்றா. "அந்தப் பொய்யை என்ர தம்பியோ சொன்னவன், நீரோ சொன்னீர்?"

தோசை கருகிக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டேன்.

பின்னேரம் ஒரு நாள் முந்தியே விமானம் மாற்றிக்கொண்டு போய்விட்டா. கன்னத்தைத் தொடவில்லை. முருக்கங்காயை மட்டும் காட்டி, "வாடிப்போகும், சமையும்" என்றா.

24 ஒக்டோபர், வியாழன்

ஈசன் பேசுகிறார், ஆனால் சாமான்களைப் பற்றி மட்டும். பால் முடிந்துவிட்டது. குப்பை நாளைக்கு. தொலைபேசி அடித்தால் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போகிறார். கண்ணாடிக்குப் பின்னால் வாய் அசைவது தெரிகிறது. அக்காவாக இருக்கும். அவருடைய அண்ணனாக, மாமனாக இருக்கும். உள்ளே வந்தால் முகம் சோர்ந்திருக்கிறது.

நான் வருத்தப்படவில்லை. அலுமாரியைத் துப்புரவாக்கினேன். அவர் சட்டைகளை நிறத்துக்கு நிறம் அடுக்கினேன்.

29 ஒக்டோபர், செவ்வாய்

நான்கு வரியை அனுப்பிவிட்டேன். பிறந்த இடம்: கல்லுமலைத் தோட்டம், மேல் டிவிசன். நாடு என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். பதிப்பகத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ஈசனுக்குச் சொன்னேன். "ம்" என்றார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, துடைத்த இடத்தையே கனநேரம் துடைத்துக்கொண்டு நின்றார்.

5 நவம்பர், செவ்வாய்

இன்று பிற்பகல் வேலை. ட்ராம் பழுதாகி நின்றுவிட்டதால் பஸ் எடுக்க வேண்டியதாயிற்று. வந்தது ஈசனின் பஸ். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்திருப்பார். நான் பின்கதவால் ஏறி, ஒரு பிள்ளை வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் தில்லைநாதன் ஏறினார். பெரிய குரல்காரர். ஓட்டுநரோடு கதைக்கக்கூடாது என்ற அறிவிப்புக்கு நேர் கீழே நின்றுகொண்டு தொடங்கினார். மழை, கடை, யாரோ வீட்டுக் கல்யாணம். நான் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"என்ன ஈசன், உம்மட மனிசி தோட்டக்காடாமே? மாஸ்டர் சொன்னார். எங்களுக்கு இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சே!" சிரித்தார். "நீராவது அறிஞ்சுதான் கட்டினீரோ?"

நான் பிள்ளை வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அது என்னுடையது இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பஸ் மெதுவாக ஓரம் கட்டி ஒரு நிறுத்தத்தில் நின்றது. முன்கதவு திறந்தது. குளிரும் சாரலும் உள்ளே வந்தன. யாரும் ஏறவில்லை.

"அறிஞ்சுதான் கட்டினனான்" என்றார் ஈசன். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "பொய் சொன்னது நான். அவ சொல்லேல்லை. மாஸ்டரிட்டயும் சொல்லும். இப்ப இறங்கும்."

"என்ர இடம் இது இல்லையே..."

"தெரியும். இறங்கும்."

தில்லைநாதன் சுற்றிலும் பார்த்தார். நோர்வேக்காரர்கள் எல்லாரும் தங்கள் தொலைபேசிகளைப் பார்த்தார்கள். அவர் குடையை விரிக்கத் தெரியாதவர்போல் விரித்துக்கொண்டு இறங்கினார். கதவு மூடியது.

ஈசன் கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்து ஓட்டத் தொடங்கினார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

முதியோர் இல்லத்து நிறுத்தம் வந்தது. மணியை அழுத்தவேண்டும். மாரித் எனக்காகக் காத்திருப்பாள். நான் அழுத்தவில்லை. பஸ் நிற்காமல் மேட்டில் ஏறியது. எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், அவருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்தேன்.